பல் முளைக்கும் முன் துண்டு உணவு கொடுக்கலாமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஓர் இளம் தாய் எழுதிய கடிதத்துக்கான பதில் இது. கடிதம் நீளமானது என்பதால் முதலில் அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு இது முதல் குழந்தை. பெண், எட்டரை மாதம். நிறைமாதத்தில் பிறந்தவள், எடை 7.4 கிலோ, கீழே இரண்டு பற்கள் மட்டும் வந்திருக்கின்றன. ஆறு மாதம் முடிந்ததிலிருந்து தாய்ப்பாலோடு காய், பழம், பருப்பு எல்லாவற்றையும் மிக்ஸியில் நைசாக அரைத்து, வடிகட்டி ஊட்டி வருகிறார்கள். முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டவள், இப்போது சில வாரங்களாகக் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள், தலையைத் திருப்புகிறாள், கரண்டியைப் பிடுங்குகிறாள். போனில் வீடியோ ஓடினால்தான் வாய் திறக்கிறாள். அந்த நேரம் பார்த்து உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

ஒருநாள் இவர் வட்டமாக நறுக்கிய, முக்கால் பதம் வெந்த கேரட் துண்டு ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்தார். ஆசையாக வாயில் வைத்தவள் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, நாக்கை வெளியே தள்ளி, சத்தமாக ஓங்கரித்து இருமினாள். பக்கத்தில் இருந்த மாமியார் பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவி எடுத்தார். குழந்தை வாந்தி எடுத்து, வெகுநேரம் அழுதாள்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. கடைவாய்ப்பல் வராமல் துண்டு எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். இணையத்தில் வீடியோக்களைப் பார்த்த கணவர், கரண்டியையே ஓரம் கட்டிவிட்டு நாம் சாப்பிடுவதை அப்படியே தட்டில் வைத்துவிடலாம் என்கிறார். நடுவில் நிற்கும் இவர் கேட்பது இவை: நான் கொடுத்தது தப்பா? பல் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? கையில் கொடுத்தால் பாதி கீழேதானே போகிறது, எடை குறைந்துவிடாதா? கணவருக்குச் சிறுவயதில் ஆஸ்துமா இருந்தது, அதனால் முட்டையையும் வேர்க்கடலையையும் ஒரு வயதுக்கு மேல் தள்ளிப்போடச் சொல்கிறார்களே, சரியா? அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டும், பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்வார், என்ன செய்வது?

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், அதை மனதில் போட்டு வருத்திக்கொண்டிருப்பது கடிதம் முழுக்கத் தெரிகிறது. உங்கள் மகளுக்குக் கையில் உணவு கொடுத்தது தப்பில்லை. சரியான வயதில்தான் தொடங்கியிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் முன்பேகூடத் தொடங்கியிருக்கலாம். மாற்ற வேண்டியது அந்தக் கேரட்டின் வடிவமும் பதமும்தான். வட்டமாக, இன்னும் கெட்டித்தன்மை போகாமல் இருந்த துண்டு அது. அதைப் பற்றிப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

அன்று நடந்தது என்ன?

நீங்கள் எழுதிய அடையாளங்களைத் திரும்பப் படியுங்கள்: முகம் சிவந்தது, நாக்கு வெளியே வந்தது, சத்தம் கேட்டது, இருமினாள். இவை நான்கும் சேர்ந்தால் அது ஓங்கரிப்பு. மூச்சுக்குழாய் அடைத்ததற்கான அடையாளங்கள் இல்லை. பெரியவர்களுக்குத் தொண்டைக்கு அருகே, நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டால்தான் ஓங்கரிப்பு வரும். கைக்குழந்தைக்கு அந்த இடம் நாக்கின் நடுப்பகுதிவரை முன்னால் தள்ளி இருக்கிறது. அதனால் உணவு தொண்டையிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும்போதே உடல் அதை முன்னால் தள்ளிவிடுகிறது. பார்க்க நமக்கு அடிவயிறு கலங்கும். குழந்தைக்கு அது ஒரு காவல். வாயில் பலவகைப் பதங்களைப் பழகப் பழக அந்த இடம் மெல்லப் பின்னால் நகரும், ஓங்கரிப்பும் குறையும்.

அடைப்பு வேறு மாதிரி இருக்கும். அதில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. அழ முயன்றாலும் குரல் வராது, இருமல் பலமில்லாமல் இருக்கும் அல்லது வரவே வராது, கண்கள் மிரளும், உதடு நீலம் பாயும். நிறம் கருத்த குழந்தைகளுக்கு முகத்தில் நீலம் தெரியாமல் போகலாம், உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் நகத்தையும் பார்க்க வேண்டும். சத்தம் கேட்கிறதா, காற்று போய்வருகிறதா என்பதுதான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது. சத்தமாக இருமுகிற குழந்தையின் முதுகில் தட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கிக் குலுக்காதீர்கள். அவள் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, உங்கள் முகத்தில் பதற்றம் தெரியாமல், "வெளியே துப்பு" என்று நாக்கை நீட்டிக் காட்டுங்கள். பெரும்பாலும் சில நொடிகளில் அவளே சமாளித்துவிடுவாள். பல குழந்தைகள் அந்தத் துண்டையே எடுத்து மறுபடி வாயில் வைப்பார்கள். பயந்தது நாம்தான் என்பது அப்போது தெரியும்.

அன்றைய சம்பவத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது ஒன்றுதான். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியது. உங்கள் மாமியார் பேத்தியைக் காப்பாற்றும் வேகத்தில் செய்தார், அந்தப் பாசத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் தேடினால், முன்னால் வந்துகொண்டிருந்த உணவு பின்னால் தள்ளப்பட்டு உண்மையாகவே அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தொண்டைச் சதையும் கிழியலாம். குழந்தை வாந்தி எடுத்ததும் பெரும்பாலும் அந்த விரலால்தான். வாய் திறந்திருக்கும்போது துண்டு கண்ணெதிரே தெளிவாகத் தெரிந்து, சுலபமாக எடுக்க முடிந்தால் மட்டும் எடுக்கலாம். மற்ற நேரங்களில் விரல் வெளியே இருக்கட்டும்.

பல் இல்லாமல் எப்படி மெல்லும்?

மாமியார் சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பற்கள் கடிக்க மட்டுமே, மெல்லும் வேலை கடைவாய்ப்பல்லுடையது. முதல் கடைவாய்ப்பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதத்துக்குள்தான் வரும். அதுவரை துண்டே கூடாது என்றால் ஒன்றரை வயதுவரை கூழ்தான் என்றாகிவிடும். உங்கள் சுண்டு விரலைக் கழுவிவிட்டு அவளுடைய பக்கவாட்டு ஈற்றில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அந்த அழுத்தம் உங்களை ஆச்சரியப்படுத்தும். நன்றாக வெந்த காயை நசுக்க அது தாராளமாகப் போதும். அவள் இப்போது கற்றுக்கொள்ள வேண்டியது, நாக்கால் உணவை வாயின் நடுவிலிருந்து பக்கவாட்டுக்குத் தள்ளி ஈறுகளுக்கு இடையே கொண்டுபோவது. கூழை விழுங்கும்போது நாக்குக்கு இந்த வேலையே இல்லை.

தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு. இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் கட்டி கட்டியான உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே பார்த்த குழந்தைகள், பதினைந்து மாதத்தில் சாப்பாட்டு விஷயத்தில் அதிகம் சிரமப்படுத்தினார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்கள் ஏழு வயதில் காய்கறி, பழ வகைகளைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். தாமதம்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஏற்கெனவே சாப்பிடச் சிரமப்பட்ட குழந்தைகளுக்குத்தான் பெற்றோர் தாமதமாகக் கொடுத்தார்களோ என்னவோ. ஆனாலும் மருத்துவராக என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. ஒரு வயது தாண்டியும் வடிகட்டிய கூழிலேயே இருந்த குழந்தையைத் துண்டுக்கு மாற்றுவது, எட்டு மாதக் குழந்தையை மாற்றுவதைவிட மிகவும் கடினம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் கடைவாய்ப்பல் வரும் வரை இல்லை.

பல்லைப் பார்ப்பதற்குப் பதில் இவற்றைப் பாருங்கள். லேசான தாங்கலோடு நிமிர்ந்து உட்கார்கிறாளா? தலை ஆடாமல் நிற்கிறதா? எடுத்ததைத் தானே வாய்க்குக் கொண்டுபோகிறாளா? நாக்கால் எல்லாவற்றையும் அனிச்சையாக வெளியே தள்ளுவது நின்றுவிட்டதா? கரண்டியைப் பிடுங்குகிற குழந்தைக்கு இவை எல்லாமே இருக்கும் என்றே நினைக்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் கணக்கு மாறும், அவர்களுக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கரண்டியா, கையா?

உங்கள் கணவர் சொல்லும் முறை இப்போது பல நாடுகளில் பரவலாக இருக்கிறது. கூழும் இல்லை, ஊட்டுவதும் இல்லை, ஆரம்பத்திலிருந்தே குழந்தை தன் கையால் சாப்பிட வேண்டும் என்பது அது. அதில் நல்லது நிறைய இருக்கிறது. நியூசிலாந்தில் 206 குடும்பங்களை வைத்து இதைச் சோதித்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 35 சதவீதக் குழந்தைகளுக்கு ஒருமுறையாவது தொண்டை அடைத்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். கையால் சாப்பிட்ட குழுவுக்கும் வழக்கமான முறையில் ஊட்டப்பட்ட குழுவுக்கும் அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் கணவர் கையில் கொடுத்தால் மகிழ்ச்சியடைவார். ஆனால் அடுத்த வரியையும் படித்துக் காட்டுங்கள்: அந்த ஆய்வில் கையால் சாப்பிட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு, எந்த உணவை எந்த வடிவில் கொடுக்க வேண்டும், எதைக் கொடுக்கவே கூடாது என்று தனியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "நாம் சாப்பிடுவதை அப்படியே வைத்துவிடலாம்" என்பதற்கு அந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. நம் தட்டில் இருக்கும் உப்பே ஒரு தடை. ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு மொத்தமாக ஒரு கிராம் உப்புக்கு மேல் போகக் கூடாது, தாய்ப்பாலில் இருப்பதும் அதில் சேர்த்தி. உப்பு, காரம், சர்க்கரை சேர்ப்பதற்கு முன்பே அவள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

என் கருத்து, இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள் என்பதுதான். காரணம் இரும்புச்சத்து. பிறக்கும்போது உடலில் சேமித்து வந்த இரும்பு ஆறு மாதத்தை ஒட்டிக் குறைந்துவிடுகிறது, தாய்ப்பாலில் இருப்பது போதாது. துண்டைச் சப்பி, நசுக்கி, கீழே போட்டுப் பழகும் முதல் வாரங்களில் வயிற்றுக்குள் போவது கொஞ்சம்தான். அந்த நாள்களில் கரண்டியில் கொடுக்கும் மசித்த பருப்பு, முட்டை, நன்றாக வெந்து கொத்திய இறைச்சி அந்த இடைவெளியை நிரப்பும். கூடவே ஒரு புளிப்பான பழமோ தக்காளியோ இருந்தால் பருப்பில் இருக்கும் இரும்பை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கூழ் இனி இப்போது இருப்பதுபோல் வேண்டாம். வடிகட்டியை நிறுத்துங்கள். மிக்ஸிக்குப் பதில் முள்கரண்டியால் மசியுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள், கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் வேண்டும். கரண்டியைப் பிடுங்குகிறாளா, கொடுத்துவிடுங்கள். கெட்டியான மசியலைக் கரண்டியில் எடுத்து அவள் கையில் கொடுத்தால் அவளே வாய்க்குக் கொண்டுபோவாள், நீங்கள் இன்னொரு கரண்டியில் ஊட்டலாம். கழுவிய கையால் ஊட்டுவதும் சரிதான், ஆனால் உதடு வரைதான் உங்கள் விரல் போக வேண்டும். அவள் முன்வந்து வாங்கிக்கொள்ளட்டும், நாக்குக்குப் பின்னால் கொண்டுபோய் வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த போன். கடிதத்தில் இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள், நான் இதில் கொஞ்சம் அழுத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது. வாயை மூடுவதும் தலையைத் திருப்புவதும் எட்டு மாதக் குழந்தையின் மொழியில் "போதும்" அல்லது "நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பதுதான். வீடியோ ஓடும்போது அவள் வாய் தானாகத் திறக்கிறது, வாயில் என்ன இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. கவனம் இல்லாமல் விழுங்குவது புரையேற ஒரு காரணம். பசியும் நிறைவும் அவளுக்கே தெரியாமல் போவது அதைவிடப் பெரிய இழப்பு. எதை, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். போனை நிறுத்திய முதல் சில நாள்கள் அவள் குறைவாகச் சாப்பிடலாம். தாய்ப்பால் இருக்கிறது, தாங்கிக்கொள்வாள்.

எந்த வடிவில், என்ன பதத்தில்?

இந்த வயதில் அவள் கையை நன்றாகக் கவனியுங்கள். ஏதாவது எடுக்கும்போது ஐந்து விரல்களும் உள்ளங்கையோடு சேர்ந்து வாரிப் பிடிக்கும். பிடித்த பிறகு முஷ்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கத் தெரியாது. அதனால் முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் தின்ன முடியும். ஆகவே பெரியவர் விரல் நீளமும் பருமனும் உள்ள துண்டுகளே இப்போதைக்கு ஏற்றவை. சின்னதாக நறுக்கினால் ஆபத்து குறைவு என்று நாம் நினைக்கிறோம், அவளுக்கோ சின்னத் துண்டு உள்ளங்கைக்குள் மறைந்துபோய்விடும். ஒன்பது மாதத்தையொட்டிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கத் தொடங்குவாள். தரையில் கிடக்கும் நூலையும் தூசியையும் பொறுக்கி உங்களைப் பதற வைக்கிற அந்தக் காலம் வந்ததும் மென்மையான சிறு துண்டுகளுக்கு மாறலாம்.

பதத்துக்கு ஒரு சோதனை போதும். உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். சிரமமில்லாமல் மசிந்தால் கொடுக்கலாம். அன்றைய கேரட்டை இப்படி அழுத்தியிருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடியிருக்கும்.

நீளவாக்கில் வெட்டி நன்றாக வேகவைத்த கேரட், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உருளைக்கிழங்கு, பீன்ஸ் ஆகியவற்றில் தொடங்கலாம். பூக்கோசு மிகவும் வசதி, காம்பு கைப்பிடியாகிவிடும். வாழைப்பழம் வழுக்கும், நீளவாக்கில் விரலால் பிளந்தால் மூன்றாகப் பிரியும், அதில் ஒன்றைக் கொடுங்கள். நன்கு பழுத்த மாம்பழம், பப்பாளி நல்லவை. ஆப்பிளை வேகவைத்தே கொடுக்க வேண்டும். முட்டையை முழுதாக வேகும்படி ஆம்லெட்டாகச் செய்து பட்டைகளாக வெட்டலாம். முள் நீக்கிய மீனை விரலால் உதிர்த்து, ஒவ்வொரு துணுக்கையும் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மெத்தென்ற ரொட்டி வாயில் பசைபோல் உருண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், லேசாக வாட்டிப் பட்டையாக வெட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

கொடுக்கக் கூடாதவை

குழந்தையின் மூச்சுக்குழாய் கிட்டத்தட்ட அதன் சுண்டு விரல் அளவுதான். உருண்டையாக, கெட்டியாக, வழுக்குவதாக, அல்லது ஒட்டிக்கொள்வதாக இருக்கும் எதுவும் அதை மூடிபோல் அடைத்துவிடும். முழுத் திராட்சை, செர்ரி, முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கடினமான மிட்டாய், பச்சைக் கேரட், வேகவைக்காத ஆப்பிள், வட்டமாக வெட்டிய சாசேஜ், ஒரு கரண்டி கெட்டியான வேர்க்கடலை வெண்ணெய் எதுவும் வேண்டாம். முழுக் கொட்டைகளும் பாப்கார்னும் நான்கைந்து வயது வரை வீட்டில் அவள் கைக்கு எட்டவே கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டினால் கொடுக்கலாம். பல் முளைக்கும் ஊறலுக்கு என்று பச்சைக் கேரட்டைக் கடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு, ஒரு சின்னத் துண்டு உடைந்தால் போதும், விபரீதமாகிவிடும்.

தேன் ஒரு வயதுக்குள் ஒரு துளிகூட வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கவும் வேண்டாம், காய்ச்சியும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

முட்டை, வேர்க்கடலை

தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று ஒருகாலத்தில் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. 2015-ல் லண்டனில் இருந்து வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. கடுமையான தோல் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 குழந்தைகளில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைவாக இருந்தது.

அப்பாவுக்கு ஆஸ்துமா இருந்தது என்பது மட்டும் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. உங்கள் மகளுக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ, ஏதாவது ஓர் உணவு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ மட்டும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் நன்றாக வெந்த முட்டையில் தொடங்கலாம். சில நாள் கழித்து, நைசாக அரைத்த வேர்க்கடலையை வெந்நீரில் கரைத்து நீர்க்கச் செய்து, பழ மசியலில் கால் தேக்கரண்டி கலந்து கொடுங்கள். பகல் நேரத்தில், உடம்பு நன்றாக இருக்கும் நாளில், ஒரு தடவைக்கு ஒரு புது உணவு. இரண்டு மணி நேரம் கவனியுங்கள். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிரைப்போ, குழந்தை துவண்டு போவதோ தெரிந்தால் அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். ஒத்துக்கொண்டால் ஒரு தடவையோடு விட்டுவிடாமல் வாரத்தில் சில நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

எடை குறையுமா?

7.4 கிலோ என்பது எட்டரை மாதப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, இயல்பான வரம்புக்குள்தான் இருக்கிறது. ஒரே ஓர் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முந்தைய எடைகளோடு சேர்த்து வரையும் கோடு தன் பாதையில் போகிறதா என்பதே முக்கியம். முதல் ஆறு மாதத்தில் ஏறிய வேகத்தில் அடுத்த ஆறு மாதம் ஏறாது. தாய்ப்பால் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் மற்ற உணவிலிருந்து தேவைப்படுவது நாளொன்றுக்கு சுமார் 200 கலோரிதான். ஒன்பது மாதம் முடிந்ததிலிருந்து அது 300 ஆகும். இப்போது இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதம் முடிந்ததிலிருந்து மூன்று நான்கு வேளை. கீழே சிந்துவதைக் கணக்குப் பார்க்காதீர்கள். பிசைவதும் நசுக்குவதும் பூசிக்கொள்வதும் அவள் உணவோடு பழகும் வழி. தரையில் ஒரு பழைய விரிப்பைப் போட்டுவிடுங்கள், சுத்தம் செய்யும் வேலை பாதியாகும்.

ஒரு காயை முகம் சுளித்துத் துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சில நாள் விட்டு மறுபடி வையுங்கள். எட்டுப் பத்துத் தடவை பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. மலத்தில் கேரட் துணுக்கு அப்படியே வந்தாலும் கவலை வேண்டாம், அவள் மென்று தின்னப் பழகும் வரை அப்படித்தான் இருக்கும்.

சாப்பிடும் நேரத்தில்

நிமிர்ந்து உட்கார வைத்து, பாதம் எதன் மேலாவது பதிந்திருக்கும்படி செய்யுங்கள். சாய்ந்த நிலையில், தவழும்போது, ஓடும் வண்டியில் எதுவும் கொடுக்க வேண்டாம். அழும்போதும் சிரிப்பு மூட்டும்போதும் வேண்டாம். பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனிப்பது போதாது, அடைப்பு சத்தமில்லாமல் வரும் என்று சொன்னேன் இல்லையா. தூக்கமும் கடும் பசியும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு வேளை, ஒன்றிரண்டு துண்டுகளில் தொடங்குங்கள். துண்டை அவள் எடுக்கட்டும், நீங்கள் வாயில் வைக்காதீர்கள். தன் கையால் வைக்கும்போது எவ்வளவு தூரம் உள்ளே விட வேண்டும் என்பது அவளுக்கே தெரியும்.

உண்மையிலேயே அடைத்துவிட்டால்

இதை நீங்கள், கணவர், மாமியார் மூவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருமலும் குரலும் வராவிட்டால், ஒருவர் உடனே அவசர ஊர்தியைக் கூப்பிட, மற்றவர் உட்கார்ந்து குழந்தையைத் தன் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையைத் தாங்கி, தலை நெஞ்சைவிடத் தாழ்வாக இருக்கும்படி தொடையில் சாய்த்துக்கொள்ள வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, உறுதியாக. வெளியே வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவே, முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே ஐந்து முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும் வரை, அல்லது குழந்தை அழும் வரை, இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குள் வயிற்றில் அழுத்தவே கூடாது, உள்ளுறுப்புகள் சிதையும். நினைவு இழந்துவிட்டால் இதய, சுவாச மீட்பைத் தொடங்க வேண்டும். படித்து மட்டும் இது கைக்கு வராது. முதலுதவிப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு, பொம்மையை வைத்துச் செய்து பழகும் வகுப்பாகப் பார்த்து, மூவரும் போய்வாருங்கள்.

எப்போது என் போன்றவர்களிடம் வர வேண்டும்?

ஒவ்வொரு வேளையும் ஓங்கரிக்கிறாள், வாரக்கணக்கில் பழகியும் குறையவில்லை என்றால். பாலோ தண்ணீரோ குடிக்கும்போதே அடிக்கடி இருமல் வந்தால், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரத்தால், மார்ச்சளி திரும்பத் திரும்ப வந்தால். எடைக்கோடு கீழே இறங்கினால். பத்து மாதம் ஆகியும் சின்னக் கட்டியைக்கூட ஏற்காவிட்டால். இன்னொன்று, சாப்பிடும்போது ஒருமுறை கடுமையாகப் புரையேறி, அதன் பிறகு இருமலோ வீசிங்கோ நிற்காமல் தொடர்ந்தால் அன்றைக்கே காட்டுங்கள், துணுக்கு நுரையீரல் பக்கம் போயிருக்கலாம்.

மாமியார் விஷயம்

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அந்தப் பயத்தோடுதான் பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருக்கப் போகிறார். வாதாடி ஜெயிப்பதில் பயன் இல்லை. நீங்கள் வீட்டில் இருக்கும் இந்த ஒரு மாதத்தைப் பயன்படுத்துங்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரலால் அழுத்திப் பார்க்கும் சோதனையை அவரையே செய்யச் சொல்லுங்கள். "அத்தை, இது வெந்திருக்கா, நீங்க பாருங்க" என்று கேட்டாலே போதும், பொறுப்பு அவர் கைக்கு வந்துவிடும். குழந்தை ஓங்கரிக்கும்போது நீங்கள் நிதானமாக இருப்பதை அவர் நாலு தடவை பார்க்கட்டும். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள், மருத்துவர் வாயால் கேட்டால் மனது சமாதானமாகும். அதற்குப் பிறகும் தனியாக இருக்கும்போது துண்டு கொடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பகலில் அவர் சின்னக் கட்டிகள் உள்ள மசியலை ஊட்டட்டும், காலையிலும் மாலையிலும் நீங்களோ கணவரோ எதிரே உட்கார்ந்து துண்டு உணவு கொடுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை பழக்கம் அவளுக்குப் போதும்.

நீங்கள் வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்தில் மட்டும் புதிய உணவு எதையும் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட முட்டையையும் வேர்க்கடலையையும் விடாமல், அவளுக்குப் பழகிய நாலைந்து உணவுகளையே மாற்றி மாற்றிக் கொடுங்கள்.